தேக்கு பலகை ஒட்டி மேசை பண்றேன்: மேல்பலகையை சட்டத்தோட பசை போட்டு ஒட்டலாமா கூடாதா?

கராஜ்மேசை:

வணக்கம் எல்லாருக்கும். கார் நிறுத்துற கராஜ்லயே ஒரு ஓரமா மரவேலை பண்ணிட்டு இருக்கேன், இதுவரைக்கும் பண்ணதெல்லாம் பிளைவுட்தான், ஷெல்ஃபு, டூல் பெட்டி, சக்கரம் வெச்ச ஒரு பெஞ்சு, அந்த மாதிரி. இப்போதான் முதல் தடவையா அசல் மரத்துல கை வைக்கிறேன். பொண்ணு உக்காந்து படிக்க ஒரு மேசை, மேல்பலகை 1500 மில்லி நீளம் 750 மில்லி அகலம், இழைச்சு முடிச்சதும் 25 மில்லி கனம் நிக்கணும். தேக்குல ஆறு பலகை வாங்கி கராஜ்ல சுவத்தோரமா தரையில அடுக்கி வெச்சிருக்கேன், ஒவ்வொண்ணும் 140 மில்லி அகலம்.

என்கிட்ட இருக்கறது ஒரு சர்குலர் சா, டிரில், ஆர்பிட்டல் சாண்டர், நம்பர் 5 இழைப்புளி ஒண்ணு, நாலு பார் கிளாம்ப். ஜாயின்டர் மெஷினும் (விளிம்பை நேராக்கறது) கிடையாது திக்னஸ் பிளேனரும் (கனத்தை ஒரே அளவாக்கறது) கிடையாது, வாங்கற எண்ணமும் இப்போதைக்கு இல்ல, இடமே இல்ல.

சந்தேகம் என்னன்னா, சித்தப்பா தச்சுவேலை தெரிஞ்சவர், அவர் சொல்றார் மேல்பலகையை சட்டத்து (கால்களை இணைக்கற பலகை) மேல பசை போட்டு ஸ்க்ரூ முடுக்கிட்டா ஜென்மத்துக்கும் அசையாதுன்னு. வீடியோல பாத்தா ஒட்டவே கூடாது, மரம் வேலை செய்யும், வெடிச்சிடும்னு சொல்றாங்க. ரெண்டுல எது சரி? அப்புறம் மெஷின் இல்லாம பலகையோட விளிம்பை இடைவெளி தெரியாம சேர்க்க முடியுமா, ரெண்டு தலைப்புலயும் குறுக்கா ஒரு பட்டை வெச்சு மூடினா அழகா இருக்கும்னு தோணுது, அதையும் பண்ணலாமான்னு சொல்லுங்க. தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவாவே எழுதினா நல்லா இருக்கும்.


வைரம்பாஞ்சது:

தம்பி, முதல்ல பலகையை தரையில இருந்து எடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். சிமென்ட் தரை ஈரத்தை விட்டுக்கிட்டே இருக்கும், அடியில இருக்கற பலகை ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சு வளைஞ்சிடும். ஒரே கனத்துல சின்ன சின்ன ரீப்பர் துண்டு வெட்டி 400 மில்லிக்கு ஒண்ணா பலகைக்கு நடுவுல கொடுத்து அடுக்குங்க, மேல் வரிசை ரீப்பர் கீழ் வரிசை ரீப்பருக்கு நேரா இருக்கணும். முடிஞ்சா கராஜ்ல வைக்காம மேசை கடைசில எந்த ரூம்ல நிக்கப்போகுதோ அந்த ரூம்ல ரெண்டு மூணு வாரம் வைங்க. கராஜ் காத்தும் வீட்டுக்குள்ள காத்தும் ஒண்ணு இல்ல. கராஜ்ல ஈரமா இருக்கும்போது ஒட்டின பலகை வீட்டுக்குள்ள வந்ததும் சுருங்க ஆரம்பிக்கும்.

இப்போ உங்க முக்கியமான கேள்வி. வீடியோல சொன்னதுதான் சரி, ஒட்டக்கூடாது. ஏன்னு புரிஞ்சுக்கிட்டா மிச்ச கேள்விக்கெல்லாம் நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

மரம் எவ்ளோ காஞ்சாலும் காத்துல இருக்கற ஈரத்தை வாங்கும், விடும். வார்னிஷ் அடிச்சாலும் வாங்கும், கொஞ்சம் மெதுவா வாங்கும் அவ்ளோதான். காத்துல ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தா மரத்துக்குள்ள ஈரம் கிட்டத்தட்ட 8 சதவீதத்துல போய் நிக்கும், காத்து 65 சதவீதம் ஆனா மரம் 12க்கு போகும். இந்த ஏத்த இறக்கத்துக்கு மரம் நீளவாக்குல அசையறது மிக மிகக் குறைவு, உங்க 1500 மில்லிக்கு அரை மில்லிகூட வராது. அகலவாக்குலதான் எல்லா ஆட்டமும்.

அகலத்துலயும் எல்லா பலகையும் ஒரே அளவு அசையாது. பலகையோட தலைப்பை, அதாவது வெட்டுவாயைப் பாருங்க. வளையக் கோடு பலகை அகலத்தோட சேர்ந்து படுத்த மாதிரி ஓடுதா, இல்ல செங்குத்தா நிக்குதா? தேக்கு பச்சையா இருக்கறதுல இருந்து சுத்தமா காயற வரைக்கும் வளையத்தோட போக்குல ஏறக்குறைய 5.8 சதவீதம் சுருங்கும், நடுவுல இருந்து பட்டையை நோக்கிப் போற திசையில 2.5 சதவீதம்தான். இந்த சுருக்கம் மொத்தமும் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழ இறங்கும்போதுதான் நடக்குது, அதனால கணக்கு சுலபம். படுத்த வளையம்னா உங்க 750 மில்லி பலகை 8ல இருந்து 12 சதவீதம் போறதுக்குள்ள 750 x 5.8 / 100 x 4 / 30, அதாவது 6 மில்லி கிட்ட விரியும். நின்ன வளையம்னா 2.5 மில்லி. இதே பீச் மரமா இருந்தா 12 மில்லி வரைக்கும் போகும், தேக்கு நல்ல புள்ளைன்னு சொல்றது இதனாலதான்.

அந்த 6 மில்லியை பசையும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்த முடியாது. குறுக்கால ஓடற சட்டம் நீளவாக்கு மரம், அது அசையாது, மேல இருக்கற பலகை அசையும். விரியற காலத்துல பலகை நடுவுல எழும்பும், சுருங்கற காலத்துல எங்க பலவீனமா இருக்கோ அங்க வாயைத் திறக்கும். சித்தப்பா சொல்றது சின்ன ஸ்டூல், முக்காலிக்கு ஒத்து வரும், அகலமே 250 மில்லிதான் இருக்கும், அசைவு ஸ்க்ரூ துளையோட தளர்ச்சிலயே போயிடும். பிளைவுட்டுக்கும் அவர் சொல்றது சரிதான். அகலமான அசல் பலகைக்கு மட்டும் இல்ல.

எப்படி மாட்டறதுன்னு சாயங்காலம் தனியா எழுதறேன், அது பெருசு.


உளியும்கல்லும்:

விளிம்பு சேர்க்கறது பத்தி நான் சொல்றேன், இதுல எனக்கு தனி ஆசையே உண்டு. ஜாயின்டர் மெஷின் இல்லன்னு கவலையே படாதீங்க, கையில பண்ண ஜாயின்ட் மெஷின் ஜாயின்டைவிட நல்லா உக்காரும்.

முதல்ல சர்குலர் சாவை நேரான அலுமினிய பட்டையோ பிளைவுட்டோட கம்பெனி விளிம்போ வெச்சு ஓட்டி ரெண்டு பக்கமும் நேரா வெட்டிக்கோங்க. அப்புறம் ஆறு பலகையையும் பெஞ்சு மேல பக்கத்துல பக்கத்துல வெச்சு எது எதுக்குப் பக்கத்துல வந்தா ரேகை ஒத்துப் போகுதுன்னு பாருங்க, இதுக்கு அவசரமே படாதீங்க, மேசை முடிஞ்சப்புறம் எல்லாரும் பாக்கப்போறது இதைத்தான். முடிவு பண்ணதும் சாக்பீஸ்ல மொத்த பலகை மேலயும் ஒரு பெரிய முக்கோணம் போட்டுடுங்க, அப்புறம் எந்த பலகை கலைஞ்சாலும் முக்கோணம் சேரற மாதிரி வெச்சா பழைய வரிசை வந்துடும்.

இப்போ பக்கத்துப் பக்கத்து பலகை ரெண்டை எடுத்து புத்தகம் மூடற மாதிரி மேல்முகம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்க மடக்குங்க. சேர வேண்டிய விளிம்பு ரெண்டும் மேல பாக்கும். அப்படியே பெஞ்சுல நிறுத்திக் கட்டி ரெண்டு விளிம்பையும் ஒரே ஓட்டத்துல இழைங்க. இதோட அழகு என்னன்னா இழைப்புளி ஒரு பக்கமா சாஞ்சு 90 டிகிரி வராம 89 வந்தாலும் கவலை இல்ல, ஒரு பலகைல 89 வந்தா இன்னொண்ணுல 91 வரும், விரிச்சு வெச்சா ரெண்டும் சேர்ந்து தட்டையா உக்காந்துடும்.

நம்பர் 5 இழைப்புளி 14 அங்குலம் இருக்கும், நம்பர் 7ன்னா 22 அங்குலம். நீளமான புளி மேட்டை மட்டும் சீவும், குட்டையான புளி பள்ளத்துக்குள்ளயும் இறங்கும். 5 வெச்சே 1500 மில்லிக்கு பண்ணலாம், ஆனா அடிக்கடி நேர்க்கோல் வெச்சுப் பாக்கணும். முதல்ல நடுவுல மட்டும் ரெண்டு மூணு சீவல் எடுங்க, தலைப்பு ரெண்டையும் தொடாம. இழைப்புளி நடுவுல கடிக்கறதை நிறுத்தற வரைக்கும் போங்க. அப்புறம் ஒரு தலைப்புல இருந்து இன்னொரு தலைப்பு வரைக்கும் முழு ஓட்டம். முதல் ஓட்டத்துல சீவல் விட்டு விட்டு வரும், அடுத்ததுல நீளும், கடைசில ரெண்டு பலகை அகலத்துக்கும் ஒரே சீவலா அறுபடாம முழுசா வரும். அப்போ நிறுத்துங்க. அதுக்கு மேல இழைச்சா தலைப்பு தேய்ஞ்சு விளிம்பு வில்லா மேடிட்டுடும்.

ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்தி பின்னாடி லைட் வெச்சுப் பாருங்க. தலைப்பு ரெண்டும் தொட்டு நடுவுல ஒரு தாள் கனத்துக்கு வெளிச்சம் தெரிஞ்சா ரொம்ப நல்லது, கிளாம்ப் போட்டா அது மூடிக்கும், தலைப்பு எப்பவும் அழுத்தத்துலயே இருக்கும். மரம் முதல்ல ஈரத்தை விடறது தலைப்பு வழியாத்தான், திறந்தா அங்கதான் திறக்கும். நடுவுல தொட்டு தலைப்புல வெளிச்சம் தெரிஞ்சா மறுபடி இழைக்கணும், அதை கிளாம்ப் வெச்சு இழுத்து மூடாதீங்க.

இன்னொண்ணு, தேக்குல சிலிக்கா இருக்கு, பிளேடை சீக்கிரம் மழுக்கும். ஒவ்வொரு ஜோடி முடிச்சதும் ஒருதரம் கல்லுல தேய்ச்சுக்கோங்க. 25 டிகிரில சாணை பிடிச்ச பிளேடுல நுனியை மட்டும் 30 டிகிரிக்குத் தூக்கி 1000 கல்லு, அப்புறம் 6000 இல்லன்னா 8000 கல்லு, அஞ்சு நிமிஷ வேலை. பின்பக்கம் நுனியோரமா கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கணும், அதை விட்டுட்டு சரிவை மட்டும் தேய்ச்சா எத்தனை நேரம் தேய்ச்சாலும் கூர் வராது. ரேகை முன்னும் பின்னும் மாறி மாறி ஓடற பலகைல நார் பிய்ஞ்சு வந்தா பிளேடுக்கு மேல இருக்கற சிப் பிரேக்கரை நுனிக்கு கால் மில்லி பக்கத்துல தள்ளுங்க, சீவலை மெலிசாக்குங்க.


கராஜ்மேசை:

அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பலகையை இன்னைக்கே உள்ள ரூமுக்கு மாத்தி ரீப்பர் கொடுத்து அடுக்கிட்டேன். ஈரம் எவ்ளோ இருக்குன்னு பாக்க மீட்டர் வாங்கித்தான் ஆகணுமா? அப்புறம் நாலு கிளாம்ப் பத்துமா 1500 மில்லிக்கு? ஒரு வீடியோல படுத்த வளையம் உள்ள பலகையை ஒண்ணு மேல பாத்தும் அடுத்தது கீழ பாத்தும் மாத்தி மாத்தி வைக்கணும்னு சொன்னாங்க, ஆனா அப்படி வெச்சா என்கிட்ட இருக்கறதுல ரெண்டு பலகை அசிங்கமான பக்கம் மேல வருது.


நேர்விளிம்பு:

மீட்டர் இல்லாமலே பாக்கலாம். பலகைத் தலைப்புல இருந்து ஒரு 300 மில்லி தள்ளி உள்ள ஒரு சின்ன துண்டு வெட்டி (தலைப்புப் பக்கம் எப்பவும் அதிகமா காஞ்சிருக்கும், அது பொய் சொல்லும்) உடனே எடை போடுங்க. அப்புறம் அவன்ல 103 டிகிரில வெச்சு அப்பப்போ எடுத்து எடை பாருங்க, எடை இறங்கறது நின்னதும் அதுதான் காஞ்ச எடை. முதல் எடைல இருந்து காஞ்ச எடையைக் கழிச்சு காஞ்ச எடையாலயே வகுத்து நூறால பெருக்குங்க. 132 கிராம் இருந்தது 120ல நின்னா 12 / 120, பத்து சதவீதம். வீட்டுக்குள்ள வைக்கற சாமானுக்கு 8ல இருந்து 12க்குள்ள இருந்தா தைரியமா வேலை ஆரம்பிக்கலாம். 15, 16 வந்தா காத்திருங்க. துண்டு வெட்ட மனசு வரலன்னா ஒரு பலகையை வாரா வாரம் எடை போட்டு குறிச்சு வைங்க, எடை மாறறது நின்னா அந்த ரூமோட சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம்.

வளையத்தை மாத்தி மாத்தி வைக்கறது பத்தி என் கருத்து வேற. படுத்த வளையம் உள்ள பலகை காயும்போது வளையம் நேராக முயற்சி பண்ணும், அதனால பட்டைப்பக்கம் (மரத்தோட வெளிப்பக்கம்) குழியும், வைரப்பக்கம் (மரத்தோட நடுப்பக்கம்) மேடாகும். மாத்தி மாத்தி வெச்சா மேல்பலகை மொத்தமும் அலை அலையா வரும், ஒரே பக்கமா வெச்சா முழுசும் ஒரே வளைவா வரும். அலையை சட்டம் சரி பண்ணாது, ஒரே வளைவை கீழ மாட்டற ஸ்க்ரூ இழுத்துப் பிடிச்சுக்கும். அதனால மேசைக்கு அழகான பக்கம் எதுவோ அதை மேல வைங்க, ரேகை ஒரே திசையில ஓடற மாதிரி வெச்சா பின்னாடி இழைக்கறதும் சுலபம். கீழ சட்டம் எதுவும் இல்லாத பலகை, கட்டிங் போர்டு மாதிரி, அதுக்கு மாத்தி வைக்கறது நியாயம்.


வைரம்பாஞ்சது:

நேர்விளிம்பு சொல்றதை பாதி ஒத்துக்கறேன். நல்லா காஞ்ச, 140 மில்லி அகலப் பலகைன்னா ரெண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் வராது, அழகுக்கே முதலிடம் கொடுக்கலாம். காயாத பலகைன்னா நான் மாத்திதான் வைப்பேன். ஆனா அடிப்படைல காயாத பலகையைத் தொடவே கூடாது, அதனால சண்டை போட ஒண்ணும் இல்ல.

மாட்டற முறைக்கு வர்றேன். மூணு நாலு வழி இருக்கு, ஸ்டீல்ல எட்டு வடிவத்துல ஒரு தகடு வருது, இசட் மாதிரி மடிச்ச கிளிப் வருது, இல்லன்னா சட்டத்துல ஸ்க்ரூ துளையை வட்டமா போடாம அகலவாக்குல நீள்துளையா போட்டு வாஷரோட முடுக்கலாம். எல்லாமே வேலை செய்யும். எனக்குப் பிடிச்சது மரப் பட்டன், செலவே இல்ல, மிச்சம் விழற துண்டுலயே பண்ணலாம், பழைய மேசையைத் திருப்பிப் பாத்தீங்கன்னா இதுதான் இருக்கும்.

சட்டத்தோட உள்பக்கம் மேல் விளிம்புல இருந்து 12 மில்லி கீழ ஒரு காடி (நீளப் பள்ளம்) எடுங்க, 10 மில்லி ஆழம். ரூட்டர் இல்லன்னா சர்குலர் சாவை ஆழம் குறைச்சு வெச்சு ரெண்டு மூணு ஓட்டம் ஓட்டினாலே காடி வந்துடும், கால்ல பொருத்தறதுக்கு முன்னாடியே சட்டத்தைப் படுக்க வெச்சு நல்லா கட்டிட்டு ஓட்டுங்க. பட்டன்னு சொல்றது தீப்பெட்டி அளவுல ஒரு கட்டை, ஒரு முனைல படி வெட்டி நாக்கு விட்டிருக்கும். அந்த நாக்கு காடிக்குள்ள போகும், கட்டையோட உடம்பு மேல்பலகையோட ஸ்க்ரூ போட்டு நிக்கும். நாக்குக்கு மேல இருக்கற படியோட உயரத்தை 12க்கு பதில் 11 மில்லியா வைங்க, ஸ்க்ரூ முடுக்கும்போது அந்த ஒரு மில்லிதான் பலகையை சட்டத்து மேல இழுத்துப் பிடிக்கும். பட்டனோட நார் நாக்குல இருந்து ஸ்க்ரூவை நோக்கி ஓடணும், குறுக்கா ஓடினா நாக்கு சுள்ளுனு ஒடிஞ்சிடும். மேல்பலகை 25 மில்லி, அதுக்குள்ள ஸ்க்ரூ 16, 17 மில்லிக்கு மேல போகக்கூடாது, டிரில் பிட்ல டேப் சுத்தி ஆழக்குறி வெச்சுக்கோங்க.

இங்கதான் கவனிக்கணும். ரெண்டு குட்டைச் சட்டத்துல, அதாவது 750 மில்லி பக்கம், பட்டன் காடிக்குள்ள வழுக்கிக்கிட்டே பக்கவாட்டுல போகும், அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. நீளச் சட்டத்துல அப்படி இல்ல. பலகை விரிஞ்சா பட்டன் வெளிப்பக்கமா நகர்ந்து நாக்கு காடிக்குள்ள இன்னும் ஆழமா போகும், சுருங்கினா நாக்கு வெளிய வரும். காத்து வறண்ட காலத்துல மேசையைப் பூட்டினா பட்டன் உடம்புக்கும் சட்டத்துக்கும் நடுவுல 3 மில்லி இடைவெளி விடுங்க, பலகை இனிமே விரியத்தான் போகுது, அந்த இடத்துக்கு அது வரும். ஈரமான காலத்துல பூட்டினா பட்டனை சட்டத்தை ஒட்டியே வைக்கலாம், ஆனா நாக்கு காடிக்குள்ள 7, 8 மில்லியாவது இருக்கணும், இல்லன்னா சுருங்கும்போது கழண்டு வந்துடும். 750 மில்லிக்கு மொத்தம் 6 மில்லி, நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் பாதிப் பாதி, ஆளுக்கு 3. நடு நிலைக்கணும்னா குட்டைச் சட்டம் ரெண்டுலயும் சரியா நடுவுல ஒரே ஒரு ஸ்க்ரூ நேரா போட்டு முடுக்கிடுங்க, அசைவு ரெண்டு பக்கமும் சமமாப் பிரியும்.

தலைப்புல குறுக்குப் பட்டை ஆசை எல்லாருக்கும் வரும். பண்ணலாம், ஆனா அதே கதைதான், பட்டை நீளவாக்குல அசையாது, மேல்பலகை அகலவாக்குல அசையும். மேல்பலகைத் தலைப்புல டெனான் (நாக்கு) விட்டு பட்டைல பள்ளம் எடுத்து சொருகி, நடுவுல மட்டும் 80, 100 மில்லிக்கு பசை, அப்புறம் ரெண்டையும் சேர்த்துத் துளை போட்டு மர முளை (ஆணி) அடிக்கணும். நடு முளை இறுக்கமா, ஓரத்து முளைகளுக்கு டெனான்ல இருக்கற துளையை மட்டும் பக்கவாட்டுல நீட்டி விடணும். அப்படிப் பண்ணாலும் வருஷத்துல சில மாசம் பட்டை நுனி மேசை ஓரத்தைவிட ரெண்டு மூணு மில்லி வெளிய நீட்டியோ உள்ள போயோதான் இருக்கும். அதைப் பாத்து மனசு உறுத்தும்னா பட்டையே வேண்டாம். முதல் மேசைக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன், தலைப்பு ரேகையை 220 உப்புத்தாள் வரைக்கும் தேய்ச்சு விட்டா அதுவே அவ்ளோ அழகு.


சீவல்சுருள்:

கிளாம்ப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். நாலு பத்தாது. கிளாம்ப் அழுத்தம் 45 டிகிரில விரிஞ்சு போகும்னு வெச்சுக்கோங்க, அதனால ஓரப் பலகை அகலம் கூடக்கூட கிளாம்ப் கம்மியா போதும், உங்களுக்கு 140 மில்லிக்கு 250 மில்லிக்கு ஒண்ணு வேணும், அப்போ ஆறு. புதுசா வாங்க வேண்டாம், ஆப்பு வெச்சுப் பண்ணுங்க. ஒரு கனமான தட்டைப் பலகை மேல மேசை அகலத்தைவிட 40 மில்லி தள்ளி ரெண்டு கட்டையை ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்க, நடுவுல ஒட்டற பலகை, மிச்ச இடத்துல எதிரெதிரா ரெண்டு ஆப்பு, சுத்தியல்ல தட்ட தட்ட இறுகும். இதுல ரெண்டு செட் பண்ணிக்கிட்டு உங்க நாலு கிளாம்ப்போட சேர்த்தா வேலை முடிஞ்சது. கிளாம்ப்பை ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு மாத்திப் போடுங்க, எல்லாம் ஒரே பக்கம்னா பலகை மடிஞ்சிக்கும்.

ஆறு பலகையையும் ஒரே தடவைல ஒட்டப் பாக்காதீங்க தம்பி. பிவிஏ பசைக்கு (மரத்துக்குப் போடற வெள்ளைப் பசை) அஞ்சு பத்து நிமிஷம்தான் டைம், அதுக்குள்ள ஆறையும் சமன் பண்றது தனி ஆளா முடியாது. ரெண்டு ரெண்டா ஒட்டுங்க, மூணு ஜோடி ஆகும், அப்புறம் ஜோடியை ஜோடியோட. தேக்குல எண்ணெய் இருக்கு, இழைச்ச அன்னைக்கே ஒட்டுங்க, ஒட்டறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துணி நனைச்சு விளிம்பைத் துடைச்சு அது ஆவியானதும் உடனே பசை. கதவைத் திறந்து வெச்சுட்டு அசிட்டோன் எடுங்க, கராஜ்ல ஹீட்டரோ தீப்பொறி வர்ற எதுவோ இருந்தா அணைச்சிடுங்க.

பசை போதுமான்னு எப்படித் தெரியும்னா, கிளாம்ப் இறுக்கும்போது ஜாயின்ட் முழுக்க சின்ன சின்ன முத்து கோத்த மாதிரி வெளிய வரணும். ஒழுகி ஓடினா அதிகம், சில இடத்துல முத்தே இல்லன்னா அங்க பட்டினி. ஈரத்துணியால துடைக்காதீங்க, பசை கரைஞ்சு நாருக்குள்ள இறங்கி பாலிஷ் அடிக்கும்போது வெள்ளைத் திட்டா நிக்கும். அரை மணி நேரம் கழிச்சு ரப்பர் பதத்துக்கு வந்ததும் பழைய உளியால சீவினா நூலா உரிஞ்சு வந்துடும். ஒரு மணி நேரத்துல கிளாம்ப் எடுக்கலாம், ஆனா மறுநாள் வரைக்கும் இழைக்கவோ அடிக்கவோ வேண்டாம். கிளாம்ப் இரும்பு ஈரப்பசைல பட்டா மரத்துல கறுப்புக் கறை விழும், நடுவுல பேக்கிங் டேப் ஒட்டிக்கோங்க. டவல் (உருண்டை மரக்குச்சி), பிஸ்கட் (தட்டை மரச்சில்லு) மாதிரி விளிம்புக்குள்ள சொருகற எதுவும் பலத்துக்குத் தேவையே இல்ல, விளிம்போட விளிம்பு நல்லா ஒட்டினா பசைக்கோடு உடையாது, பக்கத்து மரம்தான் உடையும். சமன் பண்ண உதவும்னா போடுங்க, அவ்ளோதான்.

ஒட்டி முடிச்ச பலகையை பெஞ்சு மேல தட்டையா போட்டுட்டுப் போயிடாதீங்க. மேல்பக்கம் மட்டும் காத்து பட்டு ஒரே ராத்திரில குழிஞ்சிடும். ரீப்பர் மேல வைங்க இல்ல சுவத்துல நிமிர்த்தி ரெண்டு பக்கமும் காத்து படற மாதிரி நிறுத்துங்க.


கராஜ்மேசை:

அக்கா, ஆப்பு யோசனை பிரமாதம், கிளாம்ப் விலை பாத்து பயந்துட்டு இருந்தேன். குறுக்குப் பட்டையை விட்டுட்டேன், பட்டன்தான் பண்ணப்போறேன், சித்தப்பாகிட்டயும் அந்த 6 மில்லி கணக்கைக் காட்டினேன், அவரே நீளச் சட்டத்துக்கு காடி எடுத்துத் தர்றேன்னு சொல்லிட்டார்.

கடைசியா ரெண்டு கேள்வி. ஒட்டினப்புறம் முழு மேல்பலகையையும் தட்டையாக்கறது சாண்டர்லயே முடியுமா? ஃபினிஷ் எண்ணெய் அடிக்கலாமா பாலியூரித்தேன் அடிக்கலாமா, கராஜ்ல காரும் நிக்குது, வீட்டுக்குள்ள போற கதவும் அங்கதான் இருக்கு, தூசி உள்ள போறதுதான் வீட்ல பெரிய பிரச்சனை.


உளியும்கல்லும்:

சாண்டர் தட்டையாக்காது, வழவழப்பாக்கும். மேடு பள்ளத்து மேலயே அதுவும் ஏறி இறங்கும். இழைப்புளியை ரேகைக்குக் குறுக்கா 45 டிகிரி சாய்ச்சு ஒரு மூலைல இருந்து ஓட்டுங்க, அப்புறம் எதிர் மூலைல இருந்து. ஒரே அகலத்துல நேரா இருக்கற ரெண்டு கட்டையை ரெண்டு தலைப்புலயும் நிறுத்தி குனிஞ்சு ஒரு கட்டை மேல இன்னொண்ணைப் பாத்தா முறுக்கு இருக்கா இல்லையான்னு உடனே தெரிஞ்சிடும். பென்சில்ல மேல்பலகை முழுக்க கிறுக்கி விட்டு இழைச்சா பள்ளம் எங்க இருக்குன்னு கிறுக்கலே காட்டும். கிறுக்கல் முழுசா போனதும் ரேகையோட நீளவாக்குல மெலிசா ஒரு ஓட்டம், அப்புறம் 120, 180, 220. முதல் தாள்லயே 220க்குப் போகாதீங்க, ஒவ்வொரு தாளும் முந்தின தாளோட கீறலை முழுசா எடுத்தப்புறம்தான் அடுத்தது. அடிப்பக்கத்தை மேல் மாதிரி மினுக்க வேண்டாம், தட்டையா இருந்தா போதும்.


சீவல்சுருள்:

தூசி விஷயத்துல வீட்ல சொல்றதுதான் சரி, அதை லேசா எடுத்துக்காதீங்க. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் பிரிவுல வெச்சிருக்கு, மூக்கும் மூக்கைச் சுத்தின எலும்புக் குழியும்தான் முக்கியமா பாதிக்கும். தேக்குத் தூள் சிலருக்கு தோல்ல அரிப்பு, தடிப்பு கொண்டு வரும், முழங்கை மடிப்புல, கழுத்துல முதல்ல தெரியும். கண்ணுக்குத் தெரியற சீவல் ஒண்ணும் பண்ணாது, சாண்டர் கிளப்பற மெல்லிய பொடிதான் வேலை நிறுத்தி ரொம்ப நேரம் கழிச்சும் காத்துல மிதக்கும். சாண்டரோட வாக்கும் கிளீனரை மாட்டுங்க, அதுல ஹெப்பா ஃபில்டர் இருந்தா உத்தமம், என்95 மாஸ்க் மூஞ்சியோட ஒட்டி இருக்கணும், வேலை முடிச்ச உடனே மாஸ்க்கைக் கழட்டாதீங்க. உள்கதவோட கீழ் இடுக்கை சாண்டர் ஓட்டற அன்னைக்கு துணி வெச்சு அடைச்சிடுங்க. துடைப்பத்தால பெருக்கினா கிளம்பினது மறுபடி கிளம்பும், உறிஞ்சித்தான் எடுக்கணும். இழைப்புளில எவ்ளோ முடியுமோ அவ்ளோ பண்ணிட்டு சாண்டர் வேலையைக் குறைக்கறது இன்னும் நல்ல வழி.

ஃபினிஷ் உங்க இஷ்டம். படிக்கற மேசை, பேனா, தண்ணி டம்ளர், கை வேர்வை எல்லாம் படும், அதனால பாலியூரித்தேன் தாங்கும், ஆனா கீறல் விழுந்தா முழுசா தேய்ச்சுத்தான் சரி பண்ணணும். எண்ணெய்னா பாதுகாப்பு கம்மி, ஆனா எங்க தேய்ஞ்சுதோ அங்க மட்டும் மறுபடி தடவிக்கலாம், குழந்தைங்க மேசைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். எது அடிச்சாலும் மேல எத்தனை கோட்டோ அடிப்பக்கமும் அத்தனை கோட்டு. மேல மட்டும் அடிச்சா ரெண்டு பக்கமும் ஈரம் வாங்கற வேகம் மாறி பலகை வளையும். தலைப்புக்கு ஒரு கோட்டு அதிகமா கொடுங்க, அதுதான் அதிகம் குடிக்கும்.

எண்ணெய் துடைச்ச துணியை மட்டும் கசக்கி மூலைல போட்டுடாதீங்க, குப்பைத் தொட்டிலயும் போடாதீங்க. லின்சீட் எண்ணெய், டேனிஷ் எண்ணெய் ரெண்டும் காத்தோட சேர்ந்து காயும்போது சூடு விடும், துணி சுருண்டு கிடந்தா அந்த சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே ஏறி, நெருப்பு யாரும் வைக்காமலே பத்திக்கும். கார் நிக்கற கராஜ்ல, வீட்டுக்குப் போற கதவு பக்கத்துல, இது விளையாட்டே இல்ல. வேலை முடிஞ்ச கையோட துணியை வெளிய கொண்டு போய் ஒத்தை மடிப்பா விரிச்சுப் போடுங்க, மொறமொறன்னு காஞ்சப்புறம் தூக்கிப் போடலாம். வெளிய இடம் இல்லன்னா மூடி உள்ள தகர டப்பால தண்ணி ஊத்தி துணியை முழுசா முக்கி மூடி வைங்க.